‘சுகர் இல்லை’ என்று எழுதியது நான்தான்: கண் முகாம் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

முக்கூடல், பாப்பாக்குடி, ஆலங்குளம், வீரவநல்லூர் என்று ஊர் ஊராகக் கண் முகாம் நடத்துகிற கோயில் கமிட்டிக்காரர்களுக்கும், சர்ச் வாலிபர் சங்கத்தாருக்கும், ஜமாத் பெரியவர்களுக்கும், அரிமா, ரோட்டரி நண்பர்களுக்கும் வணக்கம்.

உங்களில் பலருக்கு என் முகம் தெரியும். தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். முகாம் என்றால் பள்ளிக்கூட வாசலில் மேசை போட்டுப் பெயர் பதிகிறவன் நான்தான். கையெழுத்து புரியும், எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதும் தெரியும். அதனால் அந்த வேலை தானாகவே என் தலையில் வந்து விழுந்தது. பதினொரு வருஷம் செய்தேன். சம்பளம் ஒரு டீ, ஒரு வடை. குறை சொல்ல ஒன்றுமில்லை.

நாம் கொடுக்கிற சீட்டு உங்களுக்கு நினைவிருக்கும். பெயர், வயது, தெரு, போன் நம்பர். அதற்குக் கீழே ‘சுகர் உண்டு / இல்லை’. உண்டு என்றால் சீட்டின் மூலையில் சிவப்பு மையில் ஒரு சுழி போடுவேன். சுழி உள்ளவர்கள் வேப்பமரத்தடி பெஞ்சுக்குப் போவார்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, பாவை விரிகிற வரை அரைமணி நேரம் உட்கார வைத்து, அப்புறம் உள்ளே கூட்டிப்போய் விழித்திரையை, அதாவது கண்ணின் பின்சுவரில் படம் விழுகிற திரையைப் பார்ப்பார்கள். சுழி இல்லாதவர்கள் நேரே போர்டுக்கு. எழுத்து வாசிக்க வேண்டும், புரை இருக்கிறதா என்று லைட் அடித்துப் பார்ப்பார்கள், கண்ணாடி வேண்டுமென்றால் நம்பர் எழுதித் தருவார்கள். பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும்.

போன வருஷத்துக்கு முந்திய வருஷம் ஒரு முகாமில் என் மைனி வந்து வரிசையில் நின்றாள். அண்ணன் சம்சாரம், ஐம்பத்தெட்டு வயது, நாற்பது வருஷமாகப் பீடி சுற்றுகிறவள். நான் கேட்கிற முன்னாலேயே சத்தமாகச் சொன்னாள்: “எனக்கெல்லாம் சுகர் கெடையாது தம்பி. தெனம் ரெண்டு வேள கருப்பட்டிக் காப்பி குடிக்கேன், ஒண்ணும் வரலியே.” பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே ‘இல்லை’ என்பதில் டிக் அடித்தேன். சுழி போடவில்லை. பக்கத்துப் பார்வைக்கு ஒரு கண்ணாடி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

எட்டு மாதம் கழிந்தது. ஒரு நாள் மத்தியானம் திண்ணையில் மடியில் சொளவை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பீடித்தூள் பறந்து இடது கண்ணில் விழுந்துவிட்டது. முந்தானையால் அந்தக் கண்ணைப் பொத்திக்கொண்டு, மணி என்ன ஆச்சு, கடை அடைத்துவிடுவானோ என்று சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்திருக்கிறாள். பன்னிரண்டு தெரிகிறது, மூன்று தெரிகிறது, ஒன்பதும் தெரிகிறது. ஆறைக் காணோம். முள் சுற்றுகிற நடு இடத்திலிருந்து கீழே ஒரே சாம்பல் மூட்டம். இடது கண்ணைத் திறந்தால் ஆறு வந்துவிடுகிறது, மூடினால் போய்விடுகிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து என்னிடம், “ஏ தம்பி, வலக்கண்ணுல பாதிக் கடிகாரம்தான் தெரியிது பாத்துக்கோ” என்றாள். எத்தனை நாளாக என்று கேட்டால் அவளுக்கே தெரியவில்லை. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது ஒன்றின் குறையை மற்றது மூடிவிடுகிறது. தூள் விழாமல் இருந்தால் இன்னும் எத்தனை மாதம் ஓடியிருக்குமோ.

மறுநாள் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனேன். கண்ணைப் பார்க்கும் முன்னால் கையில் பட்டையைக் கட்டி பிரஷர் பார்த்தார்கள். 190/110. நர்ஸ் ஐந்து நிமிஷம் உட்கார வைத்து இன்னொரு கையிலும் பார்த்தார். அதிலும் கிட்டத்தட்ட அதுவேதான். மைனிக்கு அதைக் கேட்டு அதிர்ச்சி ஒன்றுமில்லை. “அது நாலு வருஷத்துக்கு முந்தியே சொன்னாவ. ஒரு மாசம் மாத்திர போட்டேன், தல வலி நின்னுட்டு, நானும் நிப்பாட்டிட்டேன்” என்றாள். எனக்குத்தான் வாயடைத்துவிட்டது. நான்கு வருஷமாகத் தெரிந்த ஒன்றை, எட்டு மாதத்துக்கு முன் என் மேசையில் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய ஆள் நான்.

சொட்டு விட்டு விழித்திரையைப் படம் எடுத்து டாக்டர் கம்ப்யூட்டரில் காட்டினார். நல்ல இடது கண், அஸ்தமன நேரத்து ஆரஞ்சு நிறத் தட்டுப் போல இருந்தது. அதில் மெல்லிய சிவப்புக் கோடுகள் கிளை கிளையாக ஓடின. வலது கண்ணில் கீழ்ப்பாதி அதே மாதிரி சுத்தம். மேல்பாதியில் மட்டும் குங்குமத்தைக் கொட்டி ஈரவிரலால் இழுத்தது போல ரத்தத் தீற்றல்கள், நடுவே அங்கங்கே பஞ்சைப் பிய்த்துப் போட்டது போல வெள்ளைத் திட்டுகள். மேலே ரத்தம் கசிந்தால் கீழே மறைப்பது ஏன் என்று கேட்டேன். கண்ணுக்குள் படம் தலைகீழாகத்தான் விழுகிறது, மேல்பாதித் திரை கீழ்ப்பாதி உலகத்தைப் பார்க்கிறது என்றார். ஆறு காணாமல் போன கணக்கு அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அவள் கண்ணில் நடந்ததற்குக் ‘கண் நரம்பு அடைப்பு’ என்று நம் பக்கம் சொல்கிறார்கள். (நமக்கு நரம்பு என்ற ஒரே சொல்லில் எல்லாம் அடக்கம். வலி கொண்டுபோவதும் நரம்பு, ரத்தம் ஓடுவதும் நரம்பு.) அடைபட்டது ரத்தக்குழாய்தான். விழித்திரையில் ரத்தம் கொண்டுவரும் தமனியும் திரும்பக் கொண்டுபோகும் சிரையும் சில இடங்களில் ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே போகின்றன. அந்த இடத்தில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே உறைதான். வருஷக்கணக்கில் பிரஷர் அடித்தால் தமனியின் சுவர் தடித்து இரும்பாகிவிடும். வயலில் தண்ணீர் பாய்ச்சுகிற ரப்பர் ஹோஸ் மேல் இரும்புப் பைப்பைப் போட்டால் என்ன ஆகும்? அதேதான். சிரை நசுங்குகிறது, ரத்தம் தேங்குகிறது, உறைகிறது, அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் கசிகிறது. கசிந்த நீர் பார்வையின் நடுப்புள்ளியில் கோத்துக்கொண்டால் வாசிக்க முடியாது, ஊசியில் நூல் கோக்க முடியாது.

இதில் சர்க்கரைக்கு வேலையே இல்லை. அவளுடைய சுகர் அன்றைக்கும் சரியாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு நான் கொஞ்சம் வாசித்தேன், கிடைத்த டாக்டர்களிடம் எல்லாம் கேட்டேன். தபால்காரனுக்கு வெட்கம் கிடையாது, எந்தக் கதவையும் தட்டலாம். அமெரிக்காவில் பீவர் டாம் என்ற ஊரிலும், ஆஸ்திரேலியாவில் சிட்னிக்குப் பக்கத்து புளூ மவுண்டன்ஸ் பகுதியிலும் 1980களின் கடைசியிலிருந்து 1990கள் வரை ஊரிலுள்ள வயதானவர்கள் எல்லாரையும் கூப்பிட்டு விழித்திரையைப் படம் எடுத்தார்கள். சுகர் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று பிரிக்காமல் எல்லாரையும். அப்போதுதான் தெரிந்தது: சுகர் இல்லாத பெரியவர்களிலும் நூற்றுக்கு எட்டு முதல் பத்துப் பேருக்கு விழித்திரையில் சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகளோ குழாய்ப் புடைப்புகளோ இருந்தன. சுகர்காரர்களிடம் முதலில் தென்படுகிற அதே மாதிரியான புள்ளிகள். யாருக்கு அதிகம் என்று பார்த்தால் பிரஷர் உள்ளவர்களுக்கு. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அந்தப் புள்ளிகளில் பல வந்த வழியே மறைந்தும் போகும், பார்வையையும் தொடாது. ஆனால் குழாய் எந்த நிலையில் இருக்கிறது என்று அவை சொல்லிவிடுகின்றன. மூளையில் ஓடுவதும் அதே ஜாதிக் குழாய்தான். அறுக்காமல், கீறாமல் மனுஷனின் ரத்தக்குழாயை நேருக்கு நேர் பார்க்கக்கூடிய இடம் கண்ணின் பின்சுவர்.

இது புதுச் செய்தியும் இல்லை. 1939லேயே அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த கீத், வேகனர், பார்க்கர் என்ற மூன்று டாக்டர்கள் பிரஷர் நோயாளிகளின் விழித்திரையைப் பார்த்து நான்காகத் தரம் பிரித்தார்கள். பிரஷருக்கு உருப்படியான மருந்தே இல்லாத காலம் அது. முதல் தரத்தில் இருந்தவர்களில் நூற்றுக்கு எழுபது பேர் மூன்று வருஷம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். நான்காம் தரத்தில் ஆறே பேர். கண்ணைப் பார்த்து ஆயுளைக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். இன்றைக்கு மாத்திரை இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். எங்கள் தெருவுக்கு அந்தப் பெண் வந்த ஒவ்வொரு முறையும் மைனி பீடிக் கடையில் கணக்குக் கொடுக்க நின்றிருக்கிறாள் என்பது தனிக் கதை.

இன்னொரு கணக்கு. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு, சென்னை டாக்டர்கள் முன்னின்று நாடு முழுக்க நடத்தியது. இருபது வயது தாண்டியவர்களில் சுகர் உள்ளவர்கள் நூற்றுக்கு 11.4 பேர். பிரஷர் உள்ளவர்கள் 35.5 பேர். மூன்று மடங்கு! நம் சீட்டில் பதினொன்றுக்குக் கட்டம் இருக்கிறது, முப்பத்தைந்துக்கு இல்லை.

எல்லையில் நிற்கிறவர்களும் இருக்கிறார்கள். அதே ஆய்வில் இன்னும் சுகர் ஆகாமல், ஆனால் ஆகப்போகிற நிலையில் 15.3 பேர். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். ரத்தத்தில் சுகரின் மூன்று மாதச் சராசரியைச் சொல்கிற சோதனையில் (HbA1c) எனக்கு 6.1. இந்த நிலையில் இருந்தவர்களை அமெரிக்காவில் சோதித்தபோது நூற்றுக்கு எட்டுப் பேர் போல விழித்திரையில் சேதம் தொடங்கியிருந்தது, 2007இல் வெளியிட்டார்கள். இப்படிப்பட்டவர்கள் உங்கள் மேசைக்கு வந்து, “சுகர் உண்டா” என்று கேட்டால், நெஞ்சில் கை வைத்து “இல்லை” என்பார்கள். பொய்யும் இல்லை.

பிரஷரை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று நினைக்க வேண்டாம், மற்றவையும் இருக்கின்றன. புகை பிடிப்பது, கொழுப்பு, உடல் எடை, கண் நீர் அழுத்தம் எல்லாம் குழாய் அடைப்புக்குத் துணை போகிறவை. கிட்டப்பார்வைக்குப் பெரிய நம்பர் கண்ணாடி போட்டவர்களுக்குத் திரையே கிழிந்து பிரியலாம். கண் முன்னால் திடீரென்று கொசுக்கூட்டம், மின்னல் வெட்டு என்றால் அன்றைக்கே ஓட வேண்டும். மூட்டுவாதத்துக்கு ஹைட்ராக்சி குளோரோகுயின் மாத்திரையை ஐந்து வருஷத்துக்கு மேல் சாப்பிடுகிறவர்கள் வருஷா வருஷம் விழித்திரையைக் காட்ட வேண்டும், மாத்திரையின் அளவும் உடல் எடைக்குத் தக்கதாக இருக்க வேண்டும். மருந்துக்கடையில் தானாக வாங்கிச் சாப்பிடுகிற ஸ்டீராய்டு நடுத்தர வயது ஆண்களுக்குத் திரைக்கு அடியில் நீர் கோக்க வைக்கலாம். தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டிய குடும்பத்தில் பிள்ளைக்கு இருட்டில் தட்டுத் தடுமாறுகிற தொல்லை இருந்தால் அது பரம்பரை விழித்திரை நோயாக இருக்கலாம், கீரை கொடுத்தால் போய்விடும் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. இவை ஒவ்வொன்றுக்கும் தனி மடல் எழுத வேண்டும். இதில் பிரஷர் மட்டும் போதும்.

பிரஷர் நம் ஊரில் எங்கிருந்து வருகிறது என்று ஆராயத் தேவையில்லை. என் வீட்டு அடுக்களையையே சொல்கிறேன். காலையில் பழைய சோற்றுக்கு உப்பு, கூட மோர் மிளகாய், மத்தியானம் ஊறுகாய், வாரத்தில் மூன்று நாள் கருவாடு, ராத்திரி அப்பளம். ஒரு நாளைக்கு ஐந்து கிராம் உப்புக்குள் நிறுத்து என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து கிராம் என்றால் ஒரு டீஸ்பூன். எங்கள் வீட்டில் மோர் மிளகாயும் ஊறுகாயுமே அதைத் தாண்டிவிடும். பீடி சுற்றுகிற பெண்களுக்கு இதோடு காலை எட்டிலிருந்து இருட்டுகிற வரை ஒரே இடத்தில் சம்மணம் போட்டு உட்காருகிற வேலை.

சரி, முகாமுக்கு வருகிறேன்.

யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. முகாம் என்ற ஏற்பாடே புரைக்காக உண்டானது. தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் தொடங்கியது 1976இல். மதுரையில் டாக்டர் வெங்கடசாமி பதினோரு படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியதும் அதே வருஷம். அன்றைக்குக் கண் தெரியாமல் கிடந்தவர்களில் பெரும்பாலோருக்குப் புரைதான். அதை நம் முகாம்கள் ஜெயித்துக் காட்டின. என் அப்பாவே அப்படிப் பார்வை பெற்றவர்தான். பிறகு சுகர் பெருகியது, சீட்டில் சுகர் கட்டம் வந்தது. அது நல்லதுதான். ஆனால் அந்தக் கட்டமே ஒரு வடிகட்டி ஆகிவிட்டது. உள்ளே இருக்கிற டாக்டர் முந்நூறு பேரைப் பார்க்க வேண்டும். சுழி இல்லாத சீட்டைக் கண்டால் அவரும் போர்டைத்தான் காட்டுவார். அவருக்கு வழி காட்டுவது வாசலில் உட்கார்ந்திருக்கிற நாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்றைக்கு மைனிக்குச் சொட்டு விட்டுப் பார்த்திருந்தால் இந்த அடைப்பு வராமல் போயிருக்கும் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். குழாய்கள் ஒடுங்கியிருப்பது தெரிந்திருக்கலாம், தெரியாமலும் போயிருக்கலாம். ஆனால் பட்டையைக் கட்டிப் பார்த்திருந்தால் பிரஷர் தெரிந்திருக்கும். எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டிருப்பாள்.

இப்போது அவளுக்குக் கண்ணுக்குள் ஊசி போடுகிறார்கள், மாதம் ஒன்று. மரத்துப்போகச் சொட்டு விட்டு, வெள்ளைவிழியில் மெல்லிய ஊசியால். கேட்டாலே வயிற்றைக் கலக்கும். அவளோ, “எறும்பு கடிச்ச மாதிரிதான், ஆனா மேல பாருன்னு சொல்லிட்டே இருந்தாவளா, அதுதான் பயமா இருந்துச்சு” என்கிறாள். நாலு ஊசியில் வீக்கம் பாதி வடிந்திருக்கிறது. போன வாரம் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ஆறு வந்துட்டு தம்பி. ஆனா வளஞ்சு கெடக்கு.” பிரஷர் மாத்திரையைக் கடிகாரத்துக்குக் கீழேயே ஒரு டப்பாவில் வைத்திருக்கிறாள்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியமில்லை. சீட்டில் சுகர் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரஷர் கட்டம். ‘உண்டா இல்லையா’ என்று கேட்டு நிறுத்தாமல் அளந்து எழுதுகிற கட்டம். ஏனென்றால் கேட்டால் “இல்லை”, “முன்னால இருந்துச்சு”, “இப்ப சரியாயிட்டு” என்றுதான் பதில் வரும். அளக்க ஒரு மிஷின், ஒரு ஆள், முதுகு சாய்கிற நாற்காலி இரண்டு. வெயிலில் நடந்து வந்தவரை நின்ற மேனிக்கு அளக்கக் கூடாது. ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார வைத்து, கையை மேசைமேல் நீட்டச் சொல்லி, ஜாக்கெட் கைக்குமேல் கட்டாமல் வெறுங்கையில் கட்டி, இரண்டு தடவை. டீ கொடுப்பதாக இருந்தால் அளந்த பிறகு கொடுங்கள். 140/90 தாண்டியவர்களுக்கும் ஏற்கெனவே பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் நாற்பது வயதுக்கு மேல் என்றால் சிவப்புச் சுழி போட்டு வேப்பமரத்தடிக்கு அனுப்பிவிடலாம். சொட்டு விடலாமா கூடாதா என்பதை லைட் அடித்துப் பார்த்து டாக்டர் சொல்லட்டும். சிலருடைய கண்ணுக்கு அது ஆகாது. 180க்கு மேல் காட்டினால் கண்ணைப் பிறகு பார்க்கலாம், முதலில் அன்றைக்கே ஒரு டாக்டரிடம் போக வேண்டும்.

உங்கள் பக்கத்துச் சங்கடமும் எனக்குத் தெரியும். சொட்டு விட்டால் நாலைந்து மணி நேரம் கண் கூசும், வண்டி ஓட்ட முடியாது, ஊசி நூல் பார்க்க முடியாது. அன்றைக்குப் பீடி போச்சு, கூலி போச்சு. அதனால்தான் பெண்கள் பெஞ்சிலிருந்து நைசாக எழுந்து போய்விடுகிறார்கள், நானே பார்த்திருக்கிறேன். முகாமைப் பீடிக் கடை அடைத்திருக்கிற ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். திரும்பிப் போக இரண்டு ஷேர் ஆட்டோவுக்குச் சொல்லிவையுங்கள். பேனரில் எல்லாருடைய போட்டோவையும் கொஞ்சம் சின்னதாகப் போட்டால் ஆட்டோக் காசு கிடைத்துவிடும்.

அப்புறம் ஒன்று. வரிசையில் நிற்கிறவர்களுக்கு எதிரே சுவரில் ஒரு பெரிய கடிகாரம் மாட்டுங்கள். ஒவ்வொரு கண்ணாகப் பொத்திக்கொண்டு, நடுவிலுள்ள ஆணியைப் பார்த்தபடி பன்னிரண்டு எண்ணும் தெரிகிறதா என்று அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். டாக்டர் பார்ப்பதற்கு இது ஈடாகாது, நிற்கிற நேரம் வீணாகாமல் இருக்கும். இதைச் சொல்லிக்கொடுக்க மைனி வருகிறேன் என்கிறாள்.

பதிவு மேசைக்கு இந்த வருஷமும் நான் வருவேன். மிஷின் ஒன்று வாங்கிவிட்டேன், கையோடு கொண்டுவருகிறேன். சீட்டுப் புத்தகம் அச்சுக்குப் போகிற முன்னால் மட்டும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கட்டம் எங்கே வர வேண்டும் என்று நானே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுத் தந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பதிவு மேசைக்காரன்,
முக்கூடல் பக்கம்